கொல்லை மண் ஒரு வாளி

ஹலோ… ஹலோ… ஆமா, ஆமா, நான்தான். யாரு பேசறது?… யாரு, ரெண்டாம் வரிசை இன்ஜினியர் வீடா? அட, நீயாம்மா! குரலே அடையாளம் தெரியல போ. என்ன, தொண்டை கட்டியிருக்கா?… அழுதியா? ஐயையோ, எதுக்கும்மா?… இரு, இரு, ஒண்ணும் சொல்லிடாதே. அடுப்புல பால் இருக்கு, இறக்கி வெச்சிட்டு வந்துடறேன். இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் நின்னுக்கிட்டுக் கேக்கக் கூடாது.

…ம், உக்காந்துட்டேன். இப்ப சொல்லு. முதல்லேருந்து சொல்லு.

ஆமா… ஆமா, அது தெரியும்… அதுவும் தெரியும். நாலு மணிக்குத்தானே மீட்டிங்? தலைமை ஆபீஸ்லேருந்து ஒரு வழுக்கைத் தலை, ஒரு சூட்கேஸ், ஒரு டிரைவர், மூணும் காலையில பத்தரைக்கே வந்து இறங்கியாச்சு. நம்ம மேனேஜர் கார்க் கதவைத் திறக்க ஓடினாரு பாரு, ஒரு செருப்பு படியிலயே கழண்டு போச்சு… நான் எங்கம்மா வேலை மெனக்கெட்டுப் பார்க்கப் போறேன்? துணி உலர்த்த வந்தேன், கண்ணு தானா அந்தப் பக்கம் போச்சு.

சேச்சே, நான் யார்கிட்டயும் சொல்லல. மூணாம் வரிசை டீச்சரம்மாகிட்ட மட்டும் சொன்னேன். அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்துச்சு.

ஆமாம்மா… ஆமா… உன் வீட்டுக்காரரை வேலையை விட்டு நீக்கற கடிதம் கூட டைப் அடிச்சாச்சாமே? தேதி போடற இடத்தை மட்டும் காலியா விட்டிருக்காங்களாம்… உனக்குத் தெரியாதா? அடடா. நான் சொல்லியிருக்கக் கூடாதோ? வாய் தவறி வந்துடுச்சு. சரி, பாதி சொல்லி நிறுத்தறது பாவம், முழுசாச் சொல்லிடறேன். வீட்டைக் காலி பண்ண பத்து நாள் போட்டிருக்காங்களாம்… ஆமா, பத்தே நாள்தான்.

அழாதே, அழாதே. மூக்கைச் சிந்திட்டு வா. நான் எங்க போயிடப் போறேன்?

ம்… ம்… எனக்கு என்னம்மா புரியும் அதெல்லாம்? கல்லை உடைச்சு, அரைச்சு, தண்ணியில அலசி டங்ஸ்டனைப் பிரிக்கிறாங்க, மிச்ச மணலைக் கொண்டு போய்க் கொட்டறாங்க. அவ்வளவுதான் நான் கண்டது. உன் வீட்டுக்காரர் வந்தாரு. வந்த மறுநாளே, இந்த மில்லு கல்லை மாவா அரைச்சுடுது, மாவானா டங்ஸ்டன் தண்ணியோட ஓடிப் போயிடும், கொஞ்சம் அரைச்சுச் சலி, மறுபடி கொஞ்சம் அரைச்சுச் சலின்னாரு. புதுசா சல்லடை வந்துச்சு. டங்ஸ்டனைப் பிரிக்கக் குலுங்குற டேபிள் பன்னெண்டு வந்துச்சு. எட்டு மாசம் ஆலையே தலைகீழாக் கிடந்துச்சு. கடைசியில என்ன ஆச்சு? பழைய ஓட்டை மில்லுல நூறு கிலோ டங்ஸ்டன் உள்ள போனா எழுபத்தெட்டு கைக்கு வந்துச்சு. இத்தனையும் மாத்தின பிறகு எழுபத்தொண்ணு. வாசல் பெருக்கறவங்க கூடச் சிரிக்கிறாங்கம்மா. எனக்கே சிரிப்பு வந்துச்சு, ஆனா உன்னை நினைச்சு அடக்கிக்கிட்டேன்.

என்ன?… பழைய எழுபத்தெட்டு பொய்யா? நிஜத்துல அம்பத்தஞ்சுதானா?… ஆமா ஆமா, உன் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியறாராம். தோத்தவங்க வேற என்ன சொல்லுவாங்க?

யாரு, அண்ணனா?… இருக்காரு, இருக்காரு. எங்க போவாரு? காலை ஷிப்ட் முடிஞ்சு வந்து, சாப்பிட்டுட்டு உள் ரூம்ல படுத்திருக்காரு. ஏங்க!… ஏங்க!… பார்த்தியா, அசைவே இல்ல. ஃபேன் சத்தம்தான் கேக்குது. அவர் படுத்துட்டா ஆலை வெடிச்சாலும் எழுந்திருக்க மாட்டாரு… எதுக்கும்மா எழுப்பணும்? என்கிட்ட சொல்லு. அவர்கிட்ட சொன்னாலும் அவர் என்கிட்டதான் வந்து கேக்கப் போறாரு.

ம்… சொல்லு… என்னது? மண்ணா?… எங்க வீட்டுக் கொல்லை மண்ணா? எதுக்கு, தொட்டியில பூச்செடி வைக்கப் போறியா?

இல்ல, புரியல. பொறுமையாச் சொல்லு. எனக்குப் படிப்பு கம்மி… ம்… ம்… ஆமா, துணி துவைக்கற கல்லைச் சுத்திப் போட்டிருக்கறது ஆலைக் கழிவு மணல்தான். ஆமா, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவர்தான் தள்ளுவண்டியில கொண்டு வந்து கொட்டினாரு. மழையில சேறாகுதுன்னு நான்தான் நச்சரிச்சேன்… சரி, பழைய மில்லோட மணல். அதுக்கு?… ஓஹோ. ஓஹோ! அந்த மணல்ல ஊதா லைட் அடிச்சா, டங்ஸ்டன் நிறைய வீணாப் போயிருந்தா, நீலமா மின்னும். மின்னினா, பழைய மில்லு எழுபத்தெட்டு எடுக்கவே இல்லன்னு தெரிஞ்சுடும். அப்புறம் உன் வீட்டுக்காரர் ஜெயிச்சுடுவாரு. அதானே?

ஏன், ஆலையில மலை மாதிரி கொட்டி வெச்சிருக்காங்களே, அங்க அள்ளிக்க வேண்டியதுதானே?… ஆமாமா, பழைய மணல் மேலயே புது மணலைக் கொட்டிட்டாங்க. கலந்து போச்சு. பிரிக்க முடியாது. அங்க மேனேஜர் காவலும் போட்டுட்டாரு… தெரியும்மா. தெரிஞ்சுதான் கேட்டேன். உன் வாயால கேக்கலாம்னு பார்த்தேன்.

ஆக, இந்தப் பெரிய ஆலையில, இத்தனை இன்ஜினியர், இத்தனை கம்ப்யூட்டர் இருக்கற இடத்துல, ஒரு குடும்பத்தைக் காப்பாத்தறதுக்கு என் துவைக்கற கல்லுக்கு அடியில இருக்கற மண்ணுதான் மிச்சம். கேக்கவே எவ்வளவு சந்தோஷமா இருக்கு! இன்னொரு தடவை சொல்லேன்…

சும்மா சொல்லும்மா. 'அக்கா, ஒரு வாளி மண்ணு கொடுங்க அக்கா'. எங்க, சொல்லு பார்க்கலாம்… ம்… கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு.

முடியாது.

ஹலோ? இருக்கியா?… முடியாதுன்னா முடியாதும்மா. அதுல என்ன விளக்கம்?

இரு, பின்னாடி என்னமோ சத்தம். டொக்கு டொக்குன்னு… சீ! போ அந்தப் பக்கம்!… ஒண்ணுமில்ல, கொல்லையில நாய் வந்து மண்ணைப் பறிக்குது போல. இன்னைக்கு எல்லாருக்கும் எங்க வீட்டு மண்ணு மேலதான் கண்ணு. சீ, போ!… சத்தம் நின்னுடுச்சு. நான் ஒரு குரல் கொடுத்தா போதும், எல்லாம் அடங்கிடும்.

எங்க விட்டேன்? ஆங், முடியாது. ஏன்னு கேட்டியே. சொல்றேன். நீ இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்னைக்கு என்ன பண்ணினே? ஞாபகம் இருக்கா?… நல்லா யோசி… நான் சொல்லட்டுமா? சாமான் இறக்கி முடிக்கல, அடுப்பு பத்த வைக்கல, ஜன்னல்ல நீலத் திரை மாட்டினே. ரெண்டு ஜன்னலுக்கும். கீழ வரைக்கும். பதினெட்டு வருஷமா இங்க எந்த வரிசையிலயும் யாரும் திரை போட்டதில்ல. எங்க வீட்டுல பாரு, கம்பியைத் தவிர ஒண்ணும் கிடையாது. நாலு பேர் பார்க்கப் பழகத்தானே ஜன்னல்? நான் மூணு நாள் வந்து கீழ நின்னேன். காத்துல கூட அந்தத் திரை அசையல. அப்பவே நினைச்சுக்கிட்டேன், ஒருநாள் இவ என்னைத் தேடி வருவான்னு.

ஆமா, அதுக்காகத்தான். ஏன், அது போதாதா?

சரி, போதாதுன்னா இதையும் கேளு. வாளி. என் வீட்டுக்காரருக்கு ஆலையில பேரே வாளி. 'வாளி வந்தாச்சா, வாளி போயாச்சா'. ஒன்பது வருஷம், கழிவு ஓடையில அரை மணிக்கு ஒரு தடவை ஒரு வாளி மொண்டு லேபுக்குக் கொண்டு போய்க் கொடுப்பாரு. எவ்வளவு டங்ஸ்டன் வீணாப் போகுதுன்னு அந்த வாளியை வெச்சுத்தான் மொத்த ஆலையும் எழுதுச்சு. மேனேஜரே அவர் வாளிக்காகக் காத்திருந்தாரும்மா! உன் வீட்டுக்காரர் வந்தாரு, ஒரு மெஷினை மாட்டினாரு. அது கத்தி மாதிரி ஓடையைக் குறுக்கால முழுசா வெட்டி எடுக்குது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. வாளி வீட்டுக்கு வந்துடுச்சு. கொல்லையில ஆணியில தொங்குது.

என்ன?… ஆமா, லைட் ரூம்ல வேலை போட்டுக் கொடுத்தாரு. இருட்டு ரூம்ல உக்காந்து ஊதா லைட்ல மின்னறதை எண்ணற வேலை. அது ஒரு வேலையா? ஆனா இந்த மனுஷனுக்கு அதுல ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து, 'இன்ஜினியர் என்னை சார்னு கூப்பிடறாரு'ன்னு—

யாரும்மா அது, உன் வீட்டுல பெல் அடிக்குது? போய்ப் பாரு, நான் லைன்லயே இருக்கேன். பாலும் ஆறட்டும். போ.

…

…

ஹலோ… ஹலோ? எவ்வளவு நேரம்மா? யாரு வந்தது?… ஒருத்தர்னா? ஆம்பளையா பொம்பளையா?… என்னமோ கொடுத்துட்டுப் போக வந்தாரா? என்ன கொடுக்க?… சொல்ல மாட்டியா? சரி, சொல்லாதே. நான் ஒண்ணும் கேட்டுத் தெரிஞ்சுக்கற ஆள் இல்ல… சாமான் வாங்க வந்தவரா?… தலைமை ஆபீஸ் டிரைவரா?… சரி, விடு. அந்தத் திரை மட்டும் இல்லேன்னா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

என்னம்மா, உன் குரல் திடீர்னு குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது?… கை வலிக்குதுன்னு போனை மேசையில வெச்சுட்டியா. வை, வை. நீ என்ன பேசப் போறே, கேக்கத்தானே போறே.

பெட்டி இழுக்கற சத்தம் கேக்குதே? மூட்டை கட்ட ஆரம்பிச்சாச்சா?… நல்ல காரியம். அட, உன் வீட்டுல வந்ததுலேருந்து நாலு பெட்டி பிரிக்கவே இல்லையாமே? சிலிண்டர் போடறவர் சொன்னாரு. இது உங்களுக்கு மூணாவது ஆலையாம், ஒவ்வொரு இடத்துலயும் ஒரு வருஷம் கூடத் தங்கலையாம். 'இந்த இடத்துல நிலைச்சா பிரிப்போம்'னு நீ சொன்னியாம்… பிரிக்காதது நல்லதாப் போச்சு பாரு. கட்டற வேலை மிச்சம்.

ஆங், போறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த நீலத் திரையை என்ன பண்ணப் போறே? அடுத்த வீட்டு ஜன்னல் அளவு எப்படியோ, என்னமோ. இங்கேயே கழட்டி வெச்சுட்டுப் போயிடேன்… மாட்டறதுக்கு இல்லம்மா, தலையணைக்கு உறை தைச்சுப்பேன். துவைக்கற மெஷினும் மாடிப்படியில இறக்கறது கஷ்டம். நான் ஆள் அனுப்பறேன்.

என்ன கேட்டே?… திருப்பிக் கேளு… அண்ணன் எப்படி வாளியில மொண்டாருன்னா? என்னம்மா இப்பப் போய் அதை?… ஏன், சொன்னா என்ன? நீ பத்து நாள்ல போகப் போறவ. போன்ல பேசினதை நீ யார்கிட்ட போய்ச் சொன்னாலும் யார் நம்பப் போறாங்க?

மேலாலதான். பின்ன? அந்த ஓடை இடுப்பளவு ஆழம். கனமானதெல்லாம் அடியில உருண்டு போகும், மேல வெறும் கலங்கல் தண்ணி. அடிவரைக்கும் வாளியை விட்டா, தூக்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுடும். முதல் மாசம் அப்படித்தான் எடுத்தாரு. ராத்திரியெல்லாம் முனகல். எண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை தேய்ஞ்சு போச்சு. நான்தான் சொன்னேன்: 'யாருக்காக அடிவரைக்கும் முங்கி எடுக்கறீங்க? மேலால மொண்டு கொடுங்க, அவங்க என்ன ருசியா பார்க்கப் போறாங்க'ன்னு. மறுநாள்லேருந்து மேலாலதான். லேப்ல பார்த்தா வீணே இல்ல! எழுபத்தெட்டு! மேனேஜருக்குத் தலைகால் புரியல. கையில வந்த சரக்கு குறைஞ்சா, 'கல்லுல சத்து இல்ல'ன்னு எழுதிக்கிட்டாங்க. எங்க வீட்டுக்கு 'சிறந்த தொழிலாளி'ன்னு ஒரு சுவர்க் கடிகாரம் வந்துச்சு. இதோ, எதிர்ல தொங்குது. அதுவும் அவரை மாதிரியே, எப்பவும் பத்து நிமிஷம் பின்னாடி.

ஆக, ஒன்பது வருஷம் இந்த ஆலையை ஓட்டினது என் யோசனைதான்னு வெச்சுக்கோயேன்!

என்ன, சிரிக்க மாட்டேங்கறே?… அழுகையும் இல்ல? பரவாயில்ல, தேறிட்டே.

இன்னொண்ணு தெரியுமா உனக்கு? உன் வீட்டுக்காரருக்கு இது அன்னைக்கே தெரியும். வந்த ரெண்டாவது வாரம், ஓடையில ஒரு கம்பை விட்டு அடி மணலை எடுத்துப் பார்த்தாரு. என் வீட்டுக்காரரோட வாளியில இருந்ததையும் பார்த்தாரு. புரிஞ்சு போச்சு. மேனேஜர்கிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே எங்க கதை முடிஞ்சிருக்கும். அவர் என்ன சொன்னாராம்? 'சார், இனிமே இதை மெஷின் எடுத்துக்கட்டும், உங்களுக்கு ஏன் கஷ்டம்'னு. அவ்வளவுதான். பழைய வாளியையும் புது மெஷினையும் ஒரு வாரம் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு, ரெண்டையும் எழுதி வெச்சிருந்தா இன்னைக்கு இப்படி நிப்பாரா? எழுதினா ஒரு கிழவன் மாட்டிப்பானேன்னு எழுதல! இன்ஜினியருக்குப் படிச்சு என்ன பிரயோஜனம்? நான் பத்தாவது. நான் எழுதியிருப்பேன்.

ம்… ஆமா, பெரிய மனசுதான். யார் இல்லேன்னா? அந்தப் பெரிய மனசை அந்த நாலாவது பெட்டியில பத்திரமா வெச்சு எடுத்துட்டுப் போங்க.

அண்ணனுக்கு மனசாட்சியா?… ஹா! உனக்கு அவரைத் தெரியாது. முப்பத்திரெண்டு வருஷமா நான் பார்க்கறேன். 'சார்'னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு அவர் உன் வீட்டுக்காரர் பின்னாடி நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டறாரே, ஏன்? அவரை வாழ்க்கையில யாரும் மனுஷனா மதிச்சதில்ல. நான் உட்பட. சட்டைக்குப் பட்டன் எது போடணும்னு என்னைக் கேப்பாரு. போன வாரம் என்கிட்ட வந்து, 'நான் ஆபீஸ்ல போய் உண்மையைச் சொல்லிடட்டுமா'ன்னாரு. நான் ஒரு பார்வை பார்த்தேன். அவ்வளவுதான். தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போய்ப் படுத்துட்டாரு. அவருக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருந்தா அது வலிக்கறதுக்கு மட்டும்தான்.

யாரும்மா இருமறது?… உன் வீட்டுக்காரரா? அப்படியே எங்க வீட்டு மனுஷன் இருமற மாதிரியே இருக்கு. ரெண்டு இருமல், ஒரு செருமல். ஆலைத் தூசி ஆளைப் பார்க்காது, இன்ஜினியரும் ஒண்ணுதான், வாளியும் ஒண்ணுதான். கொஞ்சம் வெந்நீர் கொடு.

நான் ஏன் பயப்படணும்?… ஓ, அதுவா. சரி, கேட்டியே, மறைக்காம சொல்றேன். அவருக்கு ஓய்வுக்கு ரெண்டே மாசம். அதுக்கப்புறமும் இந்த வீட்டுலயே இருந்துக்கலாம்னு மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்காரு. எங்களுக்கு வேற போக்கிடம் கிடையாது. அவர் வாயைத் திறந்தா, நாளைக்குக் காலையில நாங்க தெருவுல. உன்னையாவது பத்து நாள் விடறாங்க, எங்களுக்கு அதுவும் கிடையாது. அதனால உங்க குடும்பம் போகணும், எங்க குடும்பம் இருக்கணும். இதுல என் மேல என்ன தப்பு? நீ என் இடத்துல இருந்தா ஒரு வாளி மண்ணு கொடுத்திருப்பியா?

…கொடுத்திருப்பேன்னு சொல்றது சுலபம்மா. உனக்குக் கொல்லையே இல்லையே.

என்ன, நேரம் ஆயிடுச்சா?… எங்க கடிகாரத்துல மூணு இருபது. அப்ப உனக்கு மூணரை. இன்னும் அரை மணி நேரம் இருக்கே, சட்டை மாத்திட்டுக் கிளம்பினாலே சரியா இருக்கும். கடைசியா என்ன வேணும் உனக்கு?… அண்ணன் என்ன சொல்றாருன்னு தெரியணுமா? இன்னும் நம்பிக்கை விடலியா நீ!

சரி. அவரையே எழுப்பறேன். அவர் வாயாலேயே 'முடியாது'ன்னு சொல்லச் சொல்றேன். அப்ப உனக்கு நிம்மதியா இருக்கும். இரு, போனைக் கையிலேயே எடுத்துட்டுப் போறேன். ஏங்க!… ஏங்க, எழுந்திருங்க. ரெண்டாம் வரிசையிலேருந்து போன். 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பவும் படுத்து—

…

ஏங்க?

…ஒண்ணுமில்லம்மா. பாத்ரூம்ல இருப்பாரு. ஃபேனை நிறுத்தாமப் போயிருக்காரு பாரு, காலிக் கட்டிலுக்குக் காத்து… ஏங்க, உள்ளயா இருக்கீங்க?… தாழ்ப்பாள் போடல. உள்ள இல்ல.

இரு. கொல்லைக் கதவு திறந்திருக்கு. நான் சாத்தினேனே. நாய் வந்து… இரு…

ஆணியில வாளியைக் காணோம்.

…துவைக்கற கல்லை யாரு நகர்த்தினது? அது நகர்த்தற கல்லா? அவருக்கு இடுப்பு… கல்லுக்குக் கீழ… ஐயோ, இது என்ன குழி?

ஹலோ. ஏய். உன் வீட்டுக்கு யாரு வந்தது? உண்மையைச் சொல்லு. பெல் அடிச்சது யாரு?… யாரு இருமினது?

போனை அவர்கிட்ட கொடு. கொடுடீ!

…ஏங்க? நீங்களா? அங்க என்ன பண்றீங்க? சட்டை போட்டுட்டுத்தான் போனீங்களா?… எப்பப் போனீங்க? எப்படி… கொல்லை வழியாவா? அப்ப, நான் 'சீ போ'ன்னு விரட்டினது… நான் நாய்னு நினைச்சேங்க. சத்தியமா நாய்னுதான் நினைச்சேன்.

எதுலேருந்து கேட்டீங்க?… ஸ்பீக்கர்ல போட்டு எல்லாமா? எல்லாம்னா எதுலேருந்து? நாய்க்குட்டிலேருந்தா?… அதுக்கும் முன்னாடியேவா? கட்டில்ல படுத்துக்கிட்டேவா?… அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க. நம்மளுக்குள்ள… பொம்பளைங்க பேச்சு. அதைப் போய் பெரிசா எடுத்துக்கிட்டு…

சரி, இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அந்த வாளியை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. மண்ணை வழியில கொட்டிடுங்க. யாரும் பார்க்கல, நான் பார்த்துக்கறேன்… கொட்டியாச்சா? எங்க கொட்டினீங்க?… பெட்டிக்குள்ளயா? எந்தப் பெட்டி?… பிரிக்காத பெட்டியைக் காலி பண்ணி, அதுக்குள்ள மண்ணைக் கொட்டி, மேல போர்வையைப் போட்டு மூடி, ஊதா லைட் அடிச்சு… என்னங்க சொல்றீங்க… அப்ப நான் மூட்டை கட்டறாங்கன்னு…

மின்னுதா?

எவ்வளவு?… அங்கங்கயா, முழுசாவா?… முழுசா நீலமா?

ஏங்க, அதெல்லாம் கண்ணுக்கு அப்படித் தெரியும். உங்களுக்குக் கண்ணாடி மாத்தி நாலு வருஷம் ஆச்சு… யாரு, இன்ஜினியரும் பார்த்துட்டாரா? போட்டோ எடுத்துட்டாங்களா?

எங்கேருந்து எடுத்தீங்க அவ்வளவு? மேல மேல எடுத்தா அவ்வளவு மின்னாதே… என்னது? கடைசி வரைக்கும் தோண்டி… ஏங்க! ஒன்பது வருஷம் மேலால மொண்ட மனுஷன், இன்னைக்குத்தான் அடிவரைக்கும் போகணுமா? அந்த இடுப்பை வெச்சுக்கிட்டா?

…ஏங்க, ஆபீசுக்குப் போகாதீங்க. நான் சொல்றேன், போகாதீங்க. மண்ணை வேணா அவங்க எடுத்துக்கட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க. மண்ணுக்கு வாய் இல்ல, யாரு கொட்டினது, எப்பக் கொட்டினதுன்னு… அதைச் சொல்லத்தான் போறீங்களா? நம்ம வீடுங்க! ரெண்டே மாசம்! இந்த வயசுல நான் எங்க போய்… என்ன?… 'யோசனை உன்னது, மொண்டது நான்'னு சொல்லுவீங்களா? என் பேரை எதுக்குங்க இழுக்கறீங்க? நான் ஆலைக்குள்ள கால் வெச்சதே இல்லையே!… சரி, இழுக்க மாட்டீங்களா. உங்க பேரை மட்டும் சொல்லுவீங்களா. அது மட்டும் போதுமா? அதே வீடுதானேங்க போகும்!

ஏங்க, நான் பார்க்கறேன். நான் உங்களை ஒரு பார்வை… ஏங்க? ஹலோ? போனை யாருகிட்ட கொடுத்தீங்க?

…நீயா. கிளம்பிட்டாரா? உன் வீட்டுக்காரர் கூடவேவா? சைக்கிள்லயா?… பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டா… பெட்டியை மடியில வெச்சுக்கிட்டா.

அம்மா, தாயே, இங்க பாரு. நான் உன் அக்கா மாதிரி. அந்தத் திரையைப் பத்திச் சொன்னதெல்லாம்… அது நல்ல திரைம்மா. உனக்கு ரொம்பப் பொருத்தம். நீ ஜன்னல்ல நின்னு ஒரு குரல் கொடு, அவர் காதுல விழும். என் குரல்தான் அங்க வரைக்கும் எட்டாது. 'அக்கா அழறாங்க'ன்னு சொல்லு… அழறேன்மா. கேக்கலியா? நிஜமாவே அழறேன்… ஆமா, 'மூக்கைச் சிந்திட்டு வா'ன்னுதான் சொன்னேன், அதையே நீயும்…

என்ன?… மிச்சம் மூணு பெட்டியையும் இன்னைக்கே பிரிச்சிடப் போறியா? பிரிச்சுக்கோ. பிரிச்சு நல்லா இரு. எனக்கு எதுக்கு அதைச் சொல்றே?… யாருக்கு அனுப்பறே?… காலிப் பெட்டியா? எனக்கா?

எனக்கு எதுக்குடீ காலிப் பெட்டி—

ஹலோ… ஹலோ?… ஹலோ…